மொட்டை வேண்டுதல் மீது ஏன் கோபம்?

குழந்தைக்குப் புற்றுநோய் என்றதும் கோயிலுக்கு ஓடுகிறவர்கள்தான் சிகிச்சையைப் பாதியில் விடுகிறார்கள் என்ற வாதம் நகரத்து மேடைகளில் சுலபமாகக் கைதட்டல் வாங்கும். திருத்தணி பக்கத்துப் பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர்களிடம் எடுபடாது.

சிறுவர்களுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய் லிம்போபிளாஸ்டிக் வகை. சிகிச்சை இரண்டு, மூன்று வருடம் நீளும். முதல் சில மாதங்கள் ஊசி, காய்ச்சல், முடி உதிர்தல். பிறகு பிள்ளை ஓடியாடும்; ஆனாலும் தினமும் மெர்காப்டோப்யூரின், வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் விழுங்கியாக வேண்டும். விசைத்தறியில் நெய்த அளவுக்குத்தான் கூலி. அப்பாவோ அம்மாவோ சென்னைக்கு பஸ் ஏறும் நாளில் தறி நிற்கும், கூலியும் நிற்கும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் மருத்துவச் செலவை ஏற்கலாம். அந்த நாள் கூலியை யார் தருவது?

திருத்தணி முருகனுக்கு நேர்ந்துகொண்ட மொட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். கீமோவில் கொட்டிப்போன தலையில் மழிக்க என்ன இருக்கிறது? முடி மறுபடி வளர்ந்த பிறகே காணிக்கை. மருந்தை விடச் சொல்லும் வேண்டுதலா இது?

விபூதியே போதும், மாத்திரை வேண்டாம் என்பவர்களுக்கு இங்கே வக்காலத்து இல்லை. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது ஆடிக்கிருத்திகைக் கூட்டத்துக்குள் பிள்ளையைத் தூக்கிப்போவதும் தப்புதான்.

1980களில் அடையாறு புற்றுநோய் மையமும் மும்பை டாடாவும் டெல்லி எய்ம்ஸும் இந்த ரத்தப் புற்றுநோய்க்கு எம்.சி.பி. 841 என்ற ஒரே சிகிச்சை முறையைக் கையாளத் தொடங்கின. பிழைக்கும் பிள்ளைகள் வெகுவாகக் கூடினார்கள். அதற்காக யாரும் பெற்றோரிடம் சாமி கும்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை.

மேடையில் பேசுகிறவர்கள் அடுத்த முறை பூசாரியை விட்டுவிட்டு, பஸ் கட்டணத்தையும் கூலி இழப்பையும் பற்றிப் பேசட்டும்.