வாயிற்படி ஏறும் கைபேசி



சென்ற திங்களில் ஒருநாள் முற்பகல், ஃபீனிக்ஸ் பேயிலுள்ள எங்கள் இல்லத்திற்குச் சுகாதாரப் பணிப்பெண் ஒருவர் வந்தார். ஆஷா என்று நாம் அழைக்கும் அவ்வம்மையாரின் தோட்பையில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இருந்தது. கையில் ஒரு கைபேசி. என் அன்னையாருக்கு வயது எழுபத்திரண்டு. முழங்கால் நோவினால் படியிறங்கி மருத்துவமனை செல்வதையே அவர் கைவிட்டுப் பல மாதங்கள் ஆயின. அத்தகையவரை நாடி மருத்துவமே படியேறி வருவதெனின், அதனினும் வேண்டுவது யாது?

நான் அவ்வேளை அலுவலகத்தில் இருந்தேன். நிகழ்ந்ததை மாலையில் அண்டை வீட்டுப் பெண் கூறக் கேட்டேன்.

பணிப்பெண் இந்தியில் வினவி, விடைகளைக் கைபேசியில் பதிந்துகொண்டு வந்தார். அவ்வினாக்கள் அவர் தாமாகக் கேட்பன அல்ல. முப்பது வயது நிறைந்தோர் அனைவரிடமும் நாடெங்கும் கேட்கப்படும் படிவம் ஒன்று உண்டு. வயது, புகையிலை, மது, இடுப்பின் சுற்றளவு, உடலுழைப்பு, குடும்பத்தில் உள்ள நோய் ஆகியவற்றிற்கு மதிப்பெண் இட்டு, கூட்டுத்தொகை நான்கைக் கடந்தால் அவரை முதற்கண் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அறுபது வயதினர்க்கெனத் தனி வினாக்களும் அதில் உள. நிற்கையில் தள்ளாட்டம் உண்டா? உண்ணவும் உடுக்கவும் பிறர் துணை வேண்டுமா? நெருங்கியவர் பெயரோ, தம் வீட்டு முகவரியோ மறந்துபோவதுண்டா?

இந்தக் கடைசி வினாவில்தான் வந்தது வினை. முப்பதாண்டுகள் இத்தீவில் வாழ்ந்தும், என் அன்னையார் கற்ற இந்தி காய்கறிக் கடையோடு நின்றுவிட்டது. வீட்டைக் குறிக்கும் 'கர்' என்ற சொல் மட்டும் அவருக்கு விளங்கியது. உடனே முதுகுளத்தூர்ப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரையும், தெருவையும், வீட்டெதிரே நிற்கும் வேப்பமரத்தையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தார். பணிப்பெண் ஆதார் அட்டையை நோக்கினார். அதில் இருந்ததோ இவ்வூர் முகவரி. மறதி உண்டெனப் பதிய அவர் விரல் உயர்ந்தபோது, அண்டை வீட்டுப் பெண் ஓடிவந்து, "பாட்டி சொல்வது பிறந்த ஊர்" என்று இந்தியில் விளக்கினாளாம். படிவங்களோடு காலம் கழிப்பவன் நான். அவற்றில் ஒருமுறை ஏறிய பிழையை இறக்குவது எத்துணைக் கடினம் என்பதை நன்கறிவேன்.

அடுத்த இடையூறு கடவு எண்ணால் நேர்ந்தது. பதினான்கு இலக்கச் சுகாதார எண் ஒன்றை உண்டாக்க, ஆதாருடன் இணைந்த கைபேசிக்கு ஓ.டி.பி. வருதல் வேண்டும். அன்னையாரின் ஆதாரில் இருந்ததோ சென்னையில் பணிபுரியும் என் தம்பியின் எண். அவன் வேலை முடிந்து அதைக் கண்ணுறுமுன் காலவரை கடந்துவிட்டது. அப்பணிப்பெண் சலிப்பின்றி மறுநாளும் வந்தார். அவர் வாழ்க!

கைபேசியைக் குறை கூறுவது என் கருத்தன்று. செயற்கைக்கோளை மட்டுமே நம்பித் தவித்த நமக்கு, சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கம்பி 10-8-2020 அன்று திறந்துவைக்கப்பட்டது. அது லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா முதலிய தீவுகளையும் இணைக்கிறது. இ-சஞ்சீவனி என்னும் அரசுத் திட்டத்தின் வழியே, சுகாதார நிலையத்தில் அமர்ந்த முதியவரைத் தொலைவிலுள்ள மருத்துவர் திரையில் கண்டு, கட்டணமின்றி மருந்து எழுதித் தருகிறார். கப்பலுக்குக் காத்திருந்து பழகிய நமக்கு இதன் அருமை தெரியும்.

ஆயினும் கருவி மட்டும் நோயைத் தீர்க்குமா? ஆந்திரத்தின் மேற்குக் கோதாவரி மாவட்டத்தில், 18 ஆரம்ப சுகாதார நிலையங்களைச் சேர்ந்த சிற்றூர்களில், ஆஷாக்களிடம் கையடக்கக் கணினி தந்து ஓர் ஆய்வு நடத்தினர். 2019-இல் அதன் முடிவு வெளிவந்தது. மருத்துவரைத் தொடர்ந்து காண்போர் பெருகினர். ஆனால் இரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்தோர் தொகையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. தமிழ்நாட்டில் 5-8-2021 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலோ, பெண் தன்னார்வலர் மாத்திரையையே வீட்டிற்குக் கொணர்ந்து கையில் தருகிறார். அதை எப்போது உண்பதென்று தமிழிலேயே கூறுகிறார். இங்கு அந்தத் தமிழுக்கு நாமே பொறுப்பு.

ஆதலின், பணிப்பெண் வரும் நாளை முன்னரே கேட்டறிந்து, இந்தி அறிந்த ஒருவர் வீட்டிலிருக்க வகை செய்யுங்கள். முதியோரின் ஆதாரில், வீட்டிலேயே இருக்கும் கைபேசியின் எண்ணைப் பதிவித்துக்கொள்ளுங்கள். எதிரே நிற்கும், அறிந்த பணிப்பெண்ணுக்கன்றித் தொலைபேசியில் அழைத்துக் கேட்கும் எவருக்கும் கடவு எண்ணைக் கூறாதீர்கள். எழுதப் படிக்க உதவி தேவைப்படுவோர், ஞாயிறு மாலைகளில் சங்க அறையில் என்னைக் காணலாம்.

மறுநாள் அளந்தபோது அன்னையாரின் இரத்த அழுத்தம் 170-ஐத் தொட்டிருந்தது. மருத்துவர் தந்த மாத்திரையைத் தவறாமல் உண்டு வருகிறார். அடுத்த முறை 'கர்' என்று கேட்டால் ஃபீனிக்ஸ் பே என்று விடை சொல்ல, பேத்தி நாள்தோறும் பயிற்சி அளிக்கிறாள். இன்னும் முதலில் வாயில் வருவது வேப்பமரந்தான்.