வீடு தமிழனுடையது, விற்கும் மொழி எவனுடையது?

விசைத்தறியாலும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளாலும் வாழ்வது திருச்செங்கோடு. தறிக்கும் வண்டிக்கும் முதல் வேண்டுவோர், குடியிருக்கும் வீட்டையே வைப்பகத்தில், அஃதாவது வங்கியில், ஈடு வைப்பர். தொழில் சாய்ந்து தவணை நின்றால் அவ்வீடு பொதுவிற்பனைக்கு வரும். அதற்கு நாம் வழங்கும் 'ஏலம்' என்னும் சொல்லும் போர்த்துக்கீசியர் தந்ததே!

வழக்குமன்றம் ஏறாமலே ஈட்டை விற்கும் உரிமையை 2002-ஆம் ஆண்டின் 54-ஆம் நடுவணரசுச் சட்டம் வைப்பகங்கட்கு வழங்கிற்று. கடனை அடைக்க 60 நாள் தவணை தரும் முதல் அறிவிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகின்றது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, விற்பனை அறிவிப்பு வெளிவருமுன் கடனையும் செலவையும் முழுதும் கட்டினாலன்றி வீட்டை மீட்டல் இயலாது. அந்நாளை அறியாதவன் வீட்டை இழக்கின்றான்.

வாங்குபவன் நிலையும் இதுவே. ஆங்கிலக் கட்டுப்பாடுகளைப் படித்துச் சொல்பவன் தரகன். அவன் சொன்னதே சட்டமாகி விடுகின்றது. 'உள்ளது உள்ளவாறு' என்னும் ஒரு தொடருக்குள் வரிநிலுவையும், மின்கட்டண நிலுவையும், வெளியேறாக் குடியிருப்பாளரும் அடங்குவர் என்பதை அவன் சொல்வானா? விலை முடிந்த அன்றோ, அடுத்த வேலைநாளிலோ நூற்றுக்கு 25 பங்கும், எஞ்சியது பொதுவாக 15 நாளிலும் கட்டல் வேண்டும். தவறினால் கட்டிய பணமும் பறிபோகும் என்பதையேனும் சொல்வானா?

ஆதலின் வாங்குவோர் விழிப்பாயிருக்க! விற்பவர் வைப்பக அலுவலரே, தரகரல்லர். வீட்டுப் பணத்தை வைப்பகக் கணக்கிலன்றித் தரகர் கையில் கொடுக்கற்க. தரகுத்தொகையை முன்னரே எழுத்தில் பெறுக. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையத்தளத்தில் நீவிரே பார்க்க. வீடு வைப்பகத்தின் நேர்க்கைப்பற்றில் உள்ளதா, தாளளவிலா என்று கேட்க.

விற்பனை அறிவிப்பை உள்ளூர் மொழி நாளிதழிலும் வெளியிடல் வேண்டும் என விதி உண்டு. ஆனால், வைப்பகம் தவறிழைத்ததென்று 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடச் செல்பவனுக்கோ, 1993-ஆம் ஆண்டு நடைமுறை விதிகள் ஆங்கிலத்தையும் இந்தியையுமே வைத்துள்ளன. தமிழில் எழுதிய முறையீடு மொழிபெயர்ப்பின்றி ஏறாது! தமிழ்மண்ணில் நிற்கும் வீடு, தமிழன் வியர்வையால் எழுந்த வீடு. அதைக் காக்க அவன் பேச வேண்டிய மொழி மட்டும் அயன்மொழியா?

அறிவிக்கையும் விற்பனைக் கட்டுப்பாடும் முழுமையாகத் தமிழில் வருக! தீர்ப்பாயத்தில் தமிழ் ஏறுக! அதுவரை, புரியாத தாளில் கையெழுத்திடற்க. ஒவ்வொரு வைப்பகக் கிளையிலும் தமிழ்ப்படியை எழுத்தில் கேட்க. கேளாத உரிமை கிட்டாது!