திட்டமான எழுத்தும் திகைக்கும் தொழிலாளியும்

நோய் விடுப்பில் இருந்த நாளுக்குச் சம்பளம் எவ்வளவு? குளுவாங்கிலோ சிகாமட்டிலோ மரம் வெட்டும் தோழர் ஒருவர் இதைக் கிராணியாரிடம் கேட்டால், கிராணியார் சட்டப் புத்தகத்தைப் புரட்டுகிறார். படித்து முடித்தபின் இருவருமே திகைத்து நிற்கிறார்கள்.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இதைச் சொல்லாமல் விடவில்லை. மாதச் சம்பளக்காரருக்கு 26-ஆல் வகுக்க வேண்டும். நாள் கூலியும் பாலின் எடைக்கேற்பக் கூலியும் பெறுவோருக்கு வேறு கணக்கு. சென்ற சம்பளக் காலத்தின் மொத்தக் கூலியில், ஓய்வு நாள், பொது விடுமுறை வேலைகளுக்குரிய தொகையையும், அங்கீகரிக்கப்பட்ட ஊக்கத்தொகையையும் நீக்கி, எஞ்சியதை, அந்நாட்கள் நீங்கலாக உண்மையில் வேலை செய்த நாட்களால் வகுக்க வேண்டும். இத்தனையும் சட்டத்தில் ஒரே வாக்கியம்!

அதில் வீணான சொல் ஒன்றுமில்லை. வழக்காடுவோர் நுழையும் சந்துகளை எல்லாம் அடைத்திருக்கிறார்கள். ஆனால் அதே அடைப்பில் தொழிலாளிக்கும் வழி அடைபட்டுவிட்டது. இத்தொகைக்குச் ‘சாதாரணச் சம்பள விகிதம்’ என்று பெயர். ‘சாதாரணம்’ என்றதும், குறைந்த சம்பளமோ என்று அவர் அஞ்சுகிறார்.

இதையே கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஒரு தோழர் சென்ற மாதம் 25 நாள் வெட்டி 2,010 வெள்ளி பெற்றார். அதில் ஓய்வு நாள் ஒன்றுக்கு 150, ஊக்கத்தொகை 60. இவை போக 1,800. வேலை நாள் 24. ஆகவே ஒரு நாளுக்கு 75 வெள்ளி. தவறி 26-ஆல் வகுத்தால் 69 வெள்ளி 23 காசு. ஒவ்வொரு விடுப்பு நாளுக்கும் ஐந்து வெள்ளிக்கு மேல் நட்டம்!

நம்மீதும் குற்றம் உண்டு. சங்கச் சுற்றறிக்கைகளில் சட்டத்தின் வாக்கியத்தை அப்படியே தமிழாக்கிவிட்டு, கடமை முடிந்ததென்று இருந்துவிடுகிறோம். சட்டச் சொல் இருக்கட்டும். நீதிமன்றத்தில் அதுவே நமக்குத் துணை. ஆனால் ஒவ்வொரு விதியின் கீழும் இப்படி ஒரு கணக்கு இருக்க வேண்டும். ஒப்பந்தத்திலும் அறிவிப்புப் பலகையிலும் அதையே கேட்போம்.

கிராணித் தோழர்களே! சம்பளச் சீட்டில் வகுத்த கணக்கையும் எழுதிக் கொடுங்கள். தோட்டத் தோழர்களே! அதைக் கேட்டு வாங்குங்கள். புரியாத உரிமை, பெட்டிக்குள் பூட்டிய பணம்; சாவி நம் கையில் இருக்கட்டும்.