பொறியியற் கல்வியும் பூட்டிய கணக்கும்

குளுவாங் நகரத்தார் வெள்ளம் என்னும் சொல்லின் பொருளை அகராதி பார்த்து அறிந்தவரல்லர். 2006ஆம் ஆண்டு டிசம்பரிலும், அந்நீர் வடிந்து சேறு காயுமுன் 2007 ஜனவரியிலுமாக ஜொகூர் மாநிலத்தை இருமுறை வெள்ளம் மூடிற்று. இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடு துறந்து பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் ஒதுங்கினர். 2023 மார்ச்சில் குளுவாங், சிகாமட், பத்து பகாட் வட்டாரங்கள் மீண்டும் அதே துன்பத்தைக் கண்டன. ஊரின் நடுவே செல்லும் மெங்கிபோல் ஆறு மழையற்ற நாளிற் பார்ப்பவர்க்குச் சாதுவான ஓடையே. அதன் மறுமுகத்தைக் கரையோரத்தார் அறிவர்.

வெள்ளம் வடிந்தபின் கேள்விகள் எழுகின்றன. கரையை எத்தனை அடி உயர்த்துவது? வடிகாலை எவ்வளவு அகலப்படுத்துவது? அணையின் மதகை எந்நேரத்தில் திறப்பது? முற்காலத்தில் இவற்றுக்கு ஊர்ப் பெரியவரின் நினைவும் பொறியாளரின் கைக்கணக்கும் விடை கூறின. இன்று கணினி கூறுகிறது. நிலத்தின் மேடுபள்ளம், மண் நீரை உறிஞ்சும் அளவு, மழையின் கடுமை, வடிகாலின் சரிவு ஆகியவற்றை எண்களாக்கி உள்ளே இட்டு, ஆற்றைக் கணினிக்குள் ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். இதனை ஒப்புருவாக்கம் என்பர். மலேசிய நீர்ப்பாசன வடிகால் துறை 2000இலும், திருத்திய பதிப்பாக 2012இலும் வெளியிட்ட நகர்ப்புற மழைநீர்க் கையேடு வடிகால் அமைப்போர்க்கு விதி கூறுகிறது; விதிப்படி எண்களைப் பெருக்கிக் கழித்து விடை தருவதோ மென்பொருள். அம்மென்பொருளின் உள்ளே நடப்பதை எவர் பார்க்கலாம், எவர் பார்க்கக் கூடாது? இதுவே நாம் எழுப்பும் வினா.

நம் தோட்டத்து மக்களுக்கு இவ்வினா புதிதன்று. விடியுமுன் எழுந்து, பால்மரம் சீவி, வாளியிற் பால் சுமந்து கொட்டகைக்கு வந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். பாலின் எடையையும் அதிலுள்ள உலர்ந்த ரப்பரின் அளவையும் கிராணியார் பார்த்து ஏட்டிற் பதிவார். கூலி அந்த ஏட்டைப் பொறுத்தது. பால் சுமந்தவர் ஏட்டைப் புரட்டிப் பார்ப்பது வழக்கமன்று. கிராணியார் நேர்மையானவராயிருக்கலாம், பலர் அப்படியே இருந்தனர். வழக்கு அவருடைய நேர்மையைப் பற்றியதன்று, தோழர்களே. மூடிய ஏட்டைப் பற்றியது.

இன்று பொறியியல் ஆய்வுக்கூடங்களில் பெருவழக்காயுள்ள ஒப்புருவாக்க மென்பொருள்கள் பலவும் இத்தகைய மூடிய ஏடுகளே. ஆண்டுதோறும் பெரும்பொருள் கொடுத்து உரிமம் புதுப்பிக்க வேண்டும். உள்ளே எந்தச் சமன்பாடு, எந்தக் குறுக்குவழி, எந்தத் தோராயம் கையாளப்படுகிறது என்பதை நிறுவனம் கூறிய அளவே அறியலாம். மூலநிரலைக் காண வழியில்லை.

இதற்கு மாறானவையும் உலகில் உள. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஸ்வம் என்னும் மழைநீர்க் கணக்கு மென்பொருள் 1971 முதல் வழங்கி வருவது. அதன் மூலநிரல் எவரும் எடுத்துப் படிக்கத் தக்கது. நீரும் காற்றும் பாயும் விதத்தைக் கணக்கிடும் ஓப்பன்ஃபோம், இலண்டன் இம்பீரியல் கல்லூரியிற் பிறந்து 2004இல் உலகுக்குத் திறந்துவிடப்பட்டது. பிரான்சு நாட்டு இன்ரியா ஆய்வுக்கழகத்தில் தோன்றிய சைலாப், 2017இல் ஒரு வணிக நிறுவனத்தின் கைக்குச் சென்றது. ஆயினும் அதன் மூலநிரல் திறந்தே உள்ளது. கொடுத்ததைத் திரும்பப் பிடுங்க இயலாதபடி உரிமம் எழுதப்பட்டிருப்பதன் பயன் இது.

ஈண்டு ஒரு மயக்கத்தைத் தீர்த்துவிட வேண்டும். அமெரிக்கப் படைப் பொறியாளர் பிரிவின் ஹெக்-ராஸ் என்னும் ஆற்றுவெள்ள மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. ஆயின் அதன் மூலநிரல் வெளியிடப்படவில்லை. விலையில்லாமை வேறு, திறந்திருத்தல் வேறு. பந்தியில் இலவசமாகச் சோறு இடுகிறார்கள் என்பதனாலேயே அடுக்களைக்குட் புகுந்து பார்க்க இசைந்தார்கள் என்றாகாது. நாம் கேட்பது சோற்றையன்று. அடுக்களையின் கதவு திறந்திருக்க வேண்டும் என்கிறோம்.

“பெரிய நிறுவனத்தார் பலகாலம் சோதித்த கணக்கிற் பிழை நேருமா?” என்பார் உளர். 1991 ஆகஸ்டு 23ஆம் நாள் நார்வே நாட்டுக் கடற்கழியொன்றில் ஸ்லெய்ப்னர் என்னும் எண்ணெய்மேடையின் மாபெரும் கற்காரை அடித்தளம் சோதனையின்போதே பிளந்து மூழ்கிற்று. காரணம் ஆராய்ந்தனர். நாஸ்திரான் என்னும் புகழ்பெற்ற மென்பொருளைக்கொண்டு செய்த கணக்கில், சுவர்கள் கூடும் மூலையிலுள்ள வெட்டுவிசை 47 விழுக்காடு குறைத்து மதிக்கப்பட்டிருந்தது. கம்பியும் அங்குப் போதுமான அளவு நீட்டப்படவில்லை. பழுது மென்பொருளினுடையதன்று, அதனுள் இட்ட மாதிரியின் கண்ணிகள் மிகப் பெரியனவாயிருந்ததே பிழை. உடனே எதிர்க்கட்சியார், “பார்த்தீரா! பிழை மனிதனுடையது, மூலநிரல் திறந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்?” என்பர். நாமும் அதனையே கூறுகிறோம். பிழை மாதிரியில் இருக்கலாம், இட்ட எண்ணில் இருக்கலாம், நிரலில் இருக்கலாம். எதில் என்று அறிய மூன்றையும் ஒருங்கே வைத்து இன்னொருவர் ஓட்டிப் பார்க்க வேண்டும். மூன்றில் ஒன்றைப் பூட்டிவிட்டு மற்ற இரண்டைச் சோதி என்பது எவ்வகை அறிவு?

இன்னொரு வாதம்: “விலைகொடுத்து வாங்கியதற்குப் பொறுப்பாளி உண்டு, இலவசத்துக்கு யார் பொறுப்பு?” உரிம ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்தவர் இப்படிக் கேளார். விடை தவறி இழப்பு நேரின் அதற்குத் தாம் பொறுப்பல்லோம் என்று அங்கே சிற்றெழுத்தில் எழுதி வைத்திருப்பதே பெருவழக்கு. கரை உடைந்தால் நிறுவனத்தார் வந்து மணல்மூட்டை சுமக்கப் போவதில்லை.

திறந்த மென்பொருளிற் குறையில்லையென்று நாம் சாதிக்க வரவில்லை. ஓப்பன்ஃபோம் பழகுதல் கடினம். அதன் கிளைகள் பலவாதலின் புதிதாய் வருவோர் எதனை எடுப்பதென்று திகைப்பர். அழுத்தினால் ஓடும் பொத்தான்களும் கண்ணைக் கவரும் படங்களும் விலைமென்பொருளிலேயே மிகுதி. ஆயினும் கடினம் என்பது கற்பிக்க வேண்டியதற்குக் காரணமேயன்றிக் கைவிடுவதற்குக் காரணமாகுமா?

மாட்லாப் என்பது இன்று பொறியியல் மாணவர் எல்லோர்க்கும் தெரிந்த பெயர். அதன் பிறப்பை அறிந்தார் சிலர். 1970களின் பிற்பகுதியில் கிளீவ் மோலர் என்னும் பேராசிரியர் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் தம் மாணவர்க்காக அதனை எழுதினார். கேட்டவர்க்கெல்லாம் விலையின்றிக் கொடுத்தார். அவருக்கு அடித்தளமாயிருந்தவை ஐஸ்பேக், லின்பேக் என்னும் இரண்டு பொது நிரல் தொகுதிகள். அமெரிக்க மக்களின் வரிப்பணத்தால் வளர்ந்தவை. 1984இல் அது நிறுவனமாகி விலைப்பொருளாயிற்று. அதன் பின்னும், அவ்விரண்டின் வழித்தோன்றலாகிய லாபேக் என்னும் பொதுத் தொகுதி அதனுள் வைத்துக்கொள்ளப்பட்டது. அந்நிறுவனத்தார் தம் உழைப்பால் சேர்த்தவை பல. உழைப்புக்கு ஊதியம் கூடாதென்போமல்லோம். ஆனால் பொதுக்குளத்து நீரிற் பயிரிட்ட தோட்டத்தைக் காட்டி, “நீரென்றால் வேலிக்குள்ளேதான் கிடைக்கும்” என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியரை என்னென்பது!

பிள்ளைகள் என்றோம். குளுவாங்கிலிருந்து ஆயர் ஈத்தாம் வழியாகப் பத்து பகாட் செல்லும் சாலையிற் பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1993இல் பயிற்சி நிலையமாகத் தொடங்கி 2007இல் பல்கலைக்கழகமானது. அங்கு மென்மண் ஆராய்ச்சிக்கென ஒரு நடுவம் உண்டு. இவ்வட்டாரத்துச் சதுப்புமண்ணில் கட்டடம் புதையாமல் நிற்க வழி காண்பது அதன் பணி. இங்கு நாம் பேசுவது எந்த ஒரு நிறுவனத்தையும் பற்றியதன்று. உலகெங்கும் வேரூன்றிய வழக்கத்தைப் பற்றியது. தோட்டத்திற் பிறந்த ஒருவர் பொறியியல் படிக்கிறார் என்று வைப்போம். பெற்றோர் செம்பனைக் குலை சுமந்து சேர்த்த பணம். நான்காண்டு ஒரு விலைமென்பொருளிற் பயில்கிறார். பட்டம் பெற்ற மறுமாதம் மாணவர் உரிமம் தீர்ந்துபோகிறது. தம் ஊர் வடிகாலைக் கணக்கிட்டுப் பார்க்கலாமென்று வீட்டுக் கணினியைத் திறந்தால், தாம் முன்பு எழுதிய கோப்பே திறக்க மறுக்கிறது. கற்றது அவருடையது, சாவி வேறொருவருடையது.

இதற்கு வழி என்ன? வெளிப்படையாக ஒருவரும் பேசாத வழி ஒன்றுண்டு. பூட்டுடைத்த திருட்டுப் படி. கல்லூரி விடுதிகளில் அது கைமாறுவதை அறியாதார் யார்? அதனைச் செய்யும் மாணவனைக் கள்வன் என்பார்கள். வாங்க இயலாத பொருளைப் பாடத்திட்டத்தில் வைத்து, அது இன்றி ஒப்படைப்பு ஏற்கப்படாதென்று விதித்து, எங்ஙனம் பெற்றாய் என்று கேளாது கண்மூடியவர்களுக்கு என்ன பெயர்? திருட்டின்றி, கெஞ்சலின்றி, வெட்கமின்றி ஓர் ஏழை மாணவன் தன் கருவியைத் தனதென்று சொல்ல வேண்டாமா?

“தொழிற்சாலையில் அதைத்தானே கேட்கிறார்கள்” என்பது கடைசி அரண். வாய்ப்பாடு கற்றவன் எவர் கடையிலும் கணக்கெழுதுவான். ஒரு கடையின் பேரேட்டை மட்டும் கற்றவன் அக்கடை மூடினால் தெருவில் நிற்பான். சமன்பாட்டை எவ்வாறு துண்டுகளாக்குவது, பிழை எவ்வாறு பெருகுகிறது, கண்ணியை எங்கே நெருக்குவது என்று மூலநிரலைப் புரட்டிக் கற்றவனுக்கு விலைமென்பொருளின் பொத்தான்கள் சில வாரப் பழக்கம்.

இவை ஆகாத கனவென்று எவரும் நகைக்க வேண்டா. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பேராசிரியர் கண்ணன் மௌட்கல்யா தலைமையில் வளர்ந்த ஃபாசி திட்டம் இதனைச் செய்து காட்டியிருக்கிறது. இந்திய அரசின் கல்வி அமைச்சு பொருள் தந்தது. பொறியியற் பாடநூல்களிலுள்ள விடைகண்ட கணக்குகளை மாணவரே சைலாப் நிரலாக எழுத, அவை நூற்றுக்கணக்கான நூல்களுக்குத் துணையேடாக இணையத்தில் வைக்கப்பட்டன; எழுதியவர்க்கு ஊதியமும் தரப்பட்டது. விலைமென்பொருளில் நடந்த கல்லூரி ஆய்வுக்கூடங்களைத் திறந்த மென்பொருளுக்கு மாற்றவும் தனித் திட்டம் வகுத்தனர். அக்கழகத்தின் பேச்சுவழிப் பாடங்கள் தமிழிலும் உள. சுமார் பத்து நிமிடப் பாடங்கள். ஆசிரியர் அருகில்லாதவரும் தாமே பழகலாம். தமிழ் ஒலியில் ஒரு பொறியியற் கருவியைக் கற்கும் வாய்ப்பு இருக்க, அதன் பெயரையே நம் பள்ளிகளிலும் சங்கங்களிலும் கேளாதிருப்பது இரங்கத்தக்கது. ஆண்டுவிழா மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்கும் நேரத்தில் பத்து நிமிடம் இதற்குக் கொடுத்தாலென்ன?

மலேசிய அரசும் 2004இலேயே பொதுத்துறைக்குத் திறந்த மூல மென்பொருட் பெருந்திட்டம் ஒன்றை வகுத்தது. அலுவலக மேசையிற் கடிதம் எழுதும் மென்பொருளோடு அந்நினைவு நின்றுவிடலாகாது. மக்கள் வரிப்பணத்தால் நடக்கும் ஆராய்ச்சி அனைத்தும், முடிவோடு மாதிரியையும் இட்ட எண்களையும் நிரலையும் சேர்த்தே வெளியிடப்பட வேண்டும். இன்று பல கட்டுரைகள், “படம் இது, விடை இது, பயன்படுத்திய மென்பொருளின் பெயர் இது” என்று முடிந்துவிடுகின்றன. பெற்ற மகனுக்கும் சொல்லாமல் மருந்தை மறைத்து, அதனோடே சுடுகாடு சென்ற வைத்தியர்களை நாம் பழித்ததுண்டு. அவர்களாவது நோயாளிக்கு மருந்தைக் கொடுத்தார்கள்.

வடகிழக்குப் பருவமழை ஆண்டிறுதியில் வரும். மெங்கிபோல் ஆற்றுக்கும் குளுவாங் வடிகால்களுக்கும் கணினியிற் செய்யப்பட்ட கணக்கு எதுவாயினும், மழை எண், நில எண், மாதிரிக் கோப்பு ஆகியவற்றை முழுமையாக ஊராட்சியினர் பொது நூலகத்தில் வைக்க வேண்டுமென்று கேட்கிறோம். எடுத்து ஓட்டிப் பார்க்கத் தெரிந்த பிள்ளைகள் இவ்வூரிலேயே இருக்கிறார்கள்.