செதுக்குவதா, திருத்துவதா?



கிறிஸ்டியன் பிரெடரிக் மார்ட்டின் 1833ஆம் ஆண்டு நியூயோர்க்கில் தொடங்கிய கிற்றார் பட்டறை, சில ஆண்டுகளில் பென்சில்வேனியாவின் நாசரேத்து ஊருக்கு இடம்பெயர்ந்தது. அங்கு உருவான பழைய கிற்றார்கள் இன்றும் இசைக்கின்றன. ஆனால் ஆறு உருக்குத் தந்திகளும் ஏறத்தாழ 70 கிலோகிராம் விசையுடன் ஓயாது இழுப்பதால், பல பத்தாண்டுகளில் உடற்பெட்டி மெல்ல வளைகிறது. கழுத்தின் கோணம் மாறுகிறது. தந்திகள் உயர்ந்து, வாசிப்பவரின் விரல் நோகிறது.

இந்நிலையில் பலர் தந்திகளைத் தாங்கும் எலும்புத் துண்டையும் அதன் அடிக்கட்டையையும் செதுக்கித் தாழ்த்திவிடுகின்றனர். செலவு குறைவு, ஆயினும் ஒலி மெலிகிறது, செதுக்கிய மரமோ மீள்வதில்லை. நோய் ஓரிடம், மருந்து வேறிடம்!

உரிய வழி கழுத்தைக் கழற்றுவதே. பொருத்தின் மேலுள்ள மெட்டுக்கம்பியை அகற்றி, துளையிட்டு, நீராவி செலுத்தினால், புறாவால் வடிவப் பொருத்தைப் பிடித்திருக்கும் வச்சிரம் இளகும். பின்னர் கழுத்தின் அடியைச் சிறிதளவு சீவி, கோணத்தைத் திருத்தி மீண்டும் ஒட்டலாம். இதற்குக் கைதேர்ந்தவரும் பணமும் பொறுமையும் வேண்டும். மலிவான கருவிக்கு இச்செலவு தகாது. அருமையான பழங்கருவிக்கோ இதுவே நீதி.

இளகும் பசையால் ஒட்டப்பட்டமையாலேயே அக்கருவி இத்தனை காலத்தின் பின்னும் திருத்தத்துக்கு இடம் தருகிறது. ஆகவே மீண்டும் ஒட்டும்போதும் இளகாப் பசையைத் தவிர்ப்போம். நமக்குப் பின் வாசிப்பவரும் ஒருநாள் அதைத் திறக்க வேண்டியிருக்கும் அன்றோ?