யாருடைய குழந்தைக்கு அளவுகோல்?

குழந்தை எந்த மாதத்தில் நடக்க வேண்டும், எந்த வயதில் பேச வேண்டும் என்று விஞ்ஞானிகள் கணக்கு வைத்திருக்கிறார்கள். யார் வீட்டுக் குழந்தைகளைப் பார்த்து எழுதிய கணக்கு? அமெரிக்க மனோதத்துவ சங்கத்தின் முக்கிய ஏடுகளை ஆர்னெட் என்ற அறிஞர் 2008-ல் ஆராய்ந்தார். அந்த ஆராய்ச்சிகளுக்கு உட்பட்டவர்களில் 96 சதவிகிதம் பேர் மேலை நாட்டினர்! உலக ஜனத்தொகையிலோ அவர்கள் பங்கு 12 சதவிகிதம்தான்.

ஏழை ஜனங்கள் ஒழுங்காக வரமாட்டார்கள், பாதியில் நின்றுவிடுவார்கள் என்று சாக்குச் சொல்லப்படுகிறது. சென்னை நகரம் இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் துவங்கியது. நெருக்கடியான வீடுகளில் அரைவயிறு உண்ட நோயாளிகளை அது தேடிப்போயிற்று. ஊழியர்கள் வீட்டுக்கே சென்றார்கள். நோயாளிகளையும், குழந்தைகள் உட்பட அவர்கள் குடும்பத்தாரையும் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஆஸ்பத்திரியில் படுக்காமலே வீட்டிலிருந்து மருந்துண்டு குணமாகலாம் என்று உலகத்துக்கு நிரூபித்தவர்கள் அந்த ஏழைகளே. பிற்காலத்தில் வேலூர்ச் சேரிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்தது முதல் வீடு தேடிப் போய்ப் பார்த்த ஆராய்ச்சியும் நடந்தது.

ஆகவே நின்றுவிடுவது யார்? 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அடையாறு, கூவம் கரைக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். 2022 மே மாதம் மயிலாப்பூரை அடுத்த கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டன. ஆராய்ச்சிக்காரர் மறுமுறை வரும்போது வீடே இல்லை. பதிவேட்டில் மட்டும் "குடும்பம் விலகிவிட்டது" என்று எழுதிக்கொள்வார்!

சந்தேகப்படுகிறார்கள் என்றும் குறை கூறுகிறார்கள். கணக்கெடுக்க ஆள் வந்துபோன பிறகு இடிக்கும் யந்திரம் வந்ததைக் கண்ட ஜனங்கள், நோட்டுப் புத்தகத்தைக் கண்டால் சந்தேகப்படாமல் என்ன செய்வார்கள்? நரிக்குறவர், மீனவர், ஆதிதிராவிடர் குடும்பங்களுக்கு மறுக்கும் உரிமையும் உண்டு; மறுத்ததற்காக அவர்களுடைய அங்கன்வாடி உணவிலோ வைத்தியத்திலோ யாரும் கை வைக்கக்கூடாது.

ஆராய்ச்சிக்கு வரும் தாய் ஒரு நாள் கூலியை இழக்கிறாள். அதை ஈடுசெய்யலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ம் ஆண்டு நெறிமுறைகளே சொல்கின்றன. கொடுக்கட்டும். ஞாயிற்றுக்கிழமையும் மாலையும் வீட்டுக்கு வரட்டும். அந்தந்தக் குடியிருப்புப் பெண்களையே முழுச் சம்பளத்தில் ஊழியர்களாக அமர்த்தட்டும். பெரும்பாக்கம் போன குடும்பத்தை அங்கேயே போய்ப் பார்க்க பஸ் செலவையும் ஆராய்ச்சித் திட்டத்திலேயே சேர்க்கட்டும். கண்டறிந்ததை முதலில் அந்தத் தாய்க்கு, அவள் பாஷையில் சொல்லட்டும்.