விற்ற விளையாட்டை ஓடும் நிலையில் விட்டுச் செல்லுங்கள்

2024 மார்ச் 31 அன்று ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய விளையாட்டின் சர்வர்களை யுபிசாஃப்ட் நிறுவனம் நிறுத்தியது. 2014 டிசம்பரில் வெளிவந்த விளையாட்டு அது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரே வரைபடமாக்கி, ஒரு கடற்கரையில் கிளம்பிய வண்டி மறு கடற்கரை வரை இடையில் தடைப்படாமல் ஓடும்படி பிரான்சின் ஐவரி டவர் குழு அதைக் கட்டியிருந்தது. அதன் கதைப் பகுதியைத் தனியாளாகவே ஆடி முடிக்கலாம். ஆனால் தனியாக ஆடினாலும் நிறுவனத்தின் சர்வரோடு தொடர்பு இருந்தால்தான் விளையாட்டு திறக்கும் என்று அமைத்திருந்தார்கள். சர்வர் நின்றதும், முழு விலை கொடுத்து வாங்கிய டிஸ்க் அலமாரியில் இருந்தும் பயனற்றுப் போனது. அடுத்த சில வாரங்களில் பலருடைய கணக்கிலிருந்து உரிமமும் நீக்கப்பட்டது. அண்மையில் வாங்கியவர்களுக்கு மட்டும் பணம் திரும்பக் கிடைக்க வாய்ப்பிருந்தது. பத்தாண்டுக்கு முன்பே வாங்கி, அந்தச் சாலைகளை மனப்பாடமாக அறிந்திருந்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இந்த அறிக்கையை வெளியிடும் அமைப்பில் நுகர்வோர் ஆர்வலர்கள், மென்பொருளாளர்கள், நூலகர்கள் சேர்ந்திருக்கிறார்கள். அமைப்பின் நிலைப்பாடு இது: காசு வாங்கிக்கொண்டு ஒரு விளையாட்டையோ மென்பொருளையோ விற்ற நிறுவனம், தன் சேவையை நிறுத்தும்போது, வாங்கியவர் கையில் அது ஓடும் நிலையில் இருக்கும்படி விட்டுச் செல்ல வேண்டும். சர்வரை என்றென்றும் நடத்த வேண்டும் என்று அமைப்பு கேட்கவில்லை. எந்த நிறுவனமும் நட்டத்தில் ஒரு சேவையைச் சுமந்துகொண்டே இருக்க முடியாது. கடையை மூடும் உரிமை கடைக்காரருக்கு உண்டு. மூடும் நாளில், ஏற்கெனவே விற்ற பொருளை வாங்கியவர் வீட்டுக்குள் புகுந்து உடைத்துவிட்டுப் போகும் உரிமை அவருக்கு இல்லை.

‘தி க்ரூ’ நின்ற சில நாட்களிலேயே ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் மக்கள் முன்முயற்சி என்றொரு வழி உண்டு. ஓராண்டுக்குள் பத்து லட்சம் குடிமக்கள் கையெழுத்திட்டு, குறைந்தது ஏழு நாடுகளில் அந்தந்த நாட்டுக்குரிய வரம்பையும் எட்டினால், ஐரோப்பிய ஆணையம் அந்தக் கோரிக்கையை ஆராய்ந்து பதில் சொல்லியாக வேண்டும். 2025 ஜூலை 31இல் கெடு முடியும்போது கையெழுத்துகள் 14 லட்சத்தைத் தாண்டியிருந்தன. பிரிட்டனில் இதே கேள்வியை எழுப்பிய மனு ஒரு லட்சத்தைக் கடந்து, 2025 நவம்பரில் நாடாளுமன்ற விவாதத்துக்கு வந்தது. ஆடுகிறவர்கள் பொறுப்பற்ற விடலைகள் என்று நினைத்துவந்தவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும். நுகர்வோர் உரிமைக்காக இளைஞர்கள் இவ்வளவு பேர் திரண்டது அரிது.

நிறுவனங்கள் இதற்குச் சொல்லும் முதல் பதில், ‘நீங்கள் வாங்கியது பொருள் இல்லை, உரிமம்தான்’ என்பது. பல பக்கம் நீளும் ஒப்பந்தத்தின் நடுவில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆனால் விற்பனைப் பக்கத்தில் இருக்கும் பொத்தானில் ‘வாங்கு’ என்றுதான் இருக்கிறது. இந்த இரட்டைப் பேச்சைக் கலிபோர்னியா மாநிலம் கவனித்தது. அங்கே 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள சட்டத்தின்படி, பின்னால் பறிக்கப்படக்கூடிய டிஜிட்டல் பொருளை விற்பவர், அது வெறும் உரிமம்தான் என்பதைத் தெளிவாகத் தெரிவிக்காமல் ‘வாங்கு’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடை 2024 அக்டோபரிலேயே பணம் கட்டும் பக்கத்தில் அப்படியொரு குறிப்பைச் சேர்த்துவிட்டது. அமைப்பு இதை வரவேற்கிறது. ஆனால் இது போதாது. பறிக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பறிப்பது நியாயமாகிவிடாது.

பணத்தைத் திருப்பித் தருவது அடுத்த படி. சோனியின் ‘கான்கார்ட்’ விளையாட்டு 2024 ஆகஸ்ட் 23இல் வெளிவந்து, செப்டம்பர் 6இல் நிறுத்தப்பட்டது. வாங்கிய எல்லாருக்கும் பணம் திரும்பி வந்தது. கூகுள் தன் ஸ்டேடியா என்ற இணைய விளையாட்டுச் சேவையை 2023 ஜனவரியில் மூடியபோது விளையாட்டுக்கும் கருவிக்கும் வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தது. அதோடு நிற்காமல், ஸ்டேடியாவின் கையடக்கக் கட்டுப்பாட்டுக் கருவி சாதாரண புளூடூத் கருவியாக மற்ற கணினிகளோடும் வேலை செய்யும்படி ஒரு மென்பொருளையும் வெளியிட்டது. அந்தச் சிறு செயல் இல்லாவிட்டால் நல்ல நிலையில் இருந்த ஏராளமான கருவிகள் குப்பைக்குப் போயிருக்கும். நிறுவனம் மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அமைப்பு முதலில் எடுத்துக்காட்டுவது இதைத்தான்.

இன்னொன்று அடோபி. பழைய ‘சிஎஸ்2’ மென்பொருள்களை நிறுவியதும் நிறுவனத்தின் சர்வர் அவற்றைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. அந்தச் சர்வரை நிறுத்தியபோது, ஏற்கெனவே வாங்கியவர்களுக்காகச் சரிபார்ப்பு தேவைப்படாத பதிப்பை அடோபி கொடுத்தது. பின்னர் 2013இல் அதே நிறுவனம் புதிய பதிப்புகளைச் சந்தா கட்டினால்தான் கிடைக்கும் என்று மாற்றியது வேறு கதை. ஆனால் பழைய வாடிக்கையாளரைக் கைவிடாமல் ஒரு வாசலை மூடலாம் என்று அது அன்று காட்டியது.

வாங்கிய மென்பொருள் கையில் ஓடிக்கொண்டிருப்பதன் அருமை தமிழ்நாட்டு டி.டி.பி. கடைக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரின் 7.0 பதிப்பு 2001இல் வந்தது. அதற்குப் பிறகு அந்த மென்பொருளுக்குப் பெரிய புதிய பதிப்பு எதுவும் வரவில்லை. ஆனாலும் அதற்குப் பின் பல ஆண்டுகள் கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் சிற்றிதழும் அதில்தான் பக்கம் கட்டப்பட்டன. திறப்பதற்கு எந்தத் தொலைதூரச் சர்வரிடமும் அனுமதி கேட்காத மென்பொருள் என்பதால்தான் அது முடிந்தது. தயாரித்தவர் கைவிட்ட பிறகும் பிழைப்பு ஓடியது.

அதே கடைகளில் தமிழர்கள் இன்னொரு பாடத்தையும் கற்றார்கள். யூனிகோடு பரவுவதற்கு முன், ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு எழுத்துரு, தனக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்தது. ஒரு எழுத்துருவில் அடித்த கட்டுரையை இன்னொன்றில் திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும். அந்த எழுத்துரு கிடைக்காமல் போனால் கோப்பு இருக்கும், எழுத்து இருக்காது. 1999 சென்னைத் தமிழ்நெட் மாநாட்டில் டாம், டாப் குறியேற்றங்கள் வந்தன. தன்னார்வலர்கள் கூடி உருவாக்கிய டிஸ்கி வந்தது. 2010இல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16ஐயும் தரமாக அறிவித்தது. அதற்குள் எத்தனையோ புத்தகங்களின் கோப்புகள் பழைய குறியேற்றங்களில் சிக்கிக் கிடந்தன. அவற்றை மீட்டவை தன்னார்வலர்கள் எழுதிக் கொடுத்த எழுத்துரு மாற்றிகள். கோப்பும் எழுத்துருவும் சொந்தக் கணினியில் இருந்ததால், எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்று உட்கார்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடிந்தது. இன்றைய விளையாட்டில் பாதி மூளை நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. அது அணைந்த பிறகு பார்த்துக் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. அமைப்பு இந்தக் கேள்வியைக் கையில் எடுத்ததற்குக் காரணம் இதுவே. விளையாட்டில் இன்று நடப்பது, நாளை கணக்கெழுதும் மென்பொருளிலும், பள்ளிப் பாடச் செயலியிலும், வீட்டுக் கேமராவிலும் நடக்கும்.

இழப்பின் அளவுக்கு ஒரு கணக்கும் உண்டு. அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அந்நாட்டில் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு அப்போது விற்பனையில் இல்லை. நூலகத்தில் இருக்கும் இவற்றை ஆய்வாளர்கள் நேரில் வராமல் தொலைவிலிருந்தபடியே பார்க்கச் சட்டத்தில் விதிவிலக்கு வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. விளையாட்டுத் தொழிலின் சங்கம் அதை எதிர்த்தது. 2024 அக்டோபரில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் கோரிக்கையை நிராகரித்தது. விற்கவும் மாட்டோம், பாதுகாக்கவும் விடமாட்டோம் என்ற இந்த நிலையை அமைப்பு வன்மையாகக் கண்டிக்கிறது. திரைப்படச் சுருள்களை வெறும் சரக்காக நினைத்து விட்டுவிட்டதால் தமிழின் தொடக்ககால மௌனப் படங்கள் ஏறத்தாழ எல்லாமே அழிந்தன. அன்று அது கவனக்குறைவால் நடந்தது. இன்று நடப்பது முடிவெடுத்துச் செய்வது.

ஐரோப்பிய விளையாட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு வைத்த எதிர்வாதங்களையும் அமைப்பு படித்தது. தனியார் சர்வர்களில் ஆடுகிறவர்களின் தரவுக்குப் பாதுகாப்பு இருக்காது, தகாத உள்ளடக்கத்தை நீக்க ஆள் இருக்க மாட்டார்கள், பழி நிறுவனத்தின் மேல் விழும் என்பது ஒன்று. இதில் நியாயம் இருக்கிறது. சேவையைக் கைவிட்ட பிறகு மற்றவர் நடத்தும் சர்வருக்கு நிறுவனம் பொறுப்பில்லை என்று சட்டத்திலேயே எழுதிவிட்டால் அந்த அச்சம் தீரும். மற்றொன்று, ஆன்லைனுக்காகவே கட்டிய விளையாட்டைப் பிற்பாடு மாற்றுவது பெருஞ்செலவு என்பது. ஏற்கெனவே வந்துவிட்டவற்றுக்கு இது உண்மையாகவே பொருந்தலாம். அதனால்தான் விதி இனி வெளிவரும் விளையாட்டுகளுக்கு மட்டும் பொருந்த வேண்டும் என்று அமைப்பு கருதுகிறது. வீடு கட்டும்போதே பின்வாசல் வைப்பதற்கு அதிகச் செலவாகாது. கட்டி முடித்த சுவரை இடித்து வைப்பதுதான் செலவு.

முன்கூட்டித் திட்டமிட்டவர்கள் இருக்கிறார்கள். ‘நாக்அவுட் சிட்டி’ என்ற பந்தெறியும் விளையாட்டை உருவாக்கிய வேலன் ஸ்டூடியோஸ், 2023 ஜூனில் தன் சர்வர்களை நிறுத்தியபோது, ஆடுகிறவர்களே சொந்தச் சர்வரில் நடத்திக்கொள்ளும் கணினிப் பதிப்பைக் கொடுத்துவிட்டுப் போனது. 2012 நவம்பரில் மூடப்பட்ட ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ விளையாட்டை ரசிகர்கள் ‘ஹோம்கமிங்’ என்ற பெயரில் தாமாக நடத்திவந்தார்கள். 2024 ஜனவரியில் உரிமையாளரான என்சிசாஃப்ட் அவர்களுக்கு முறையான உரிமமே வழங்கியது. யுபிசாஃப்டும் பாடம் படித்தது. ‘தி க்ரூ 2’க்கு இணையம் இல்லாமல் ஆடும் வசதி தருவதாக 2024இல் அறிவித்து, அடுத்த ஆண்டு கொடுத்தது. ஆடுகிறவர்கள் குரல் எழுப்பியிருக்காவிட்டால் அது நடந்திருக்காது என்பதே அமைப்பின் கணிப்பு.

விற்ற பிறகு விதியை மாற்றும் பழக்கம் வாங்குபவர்களை மட்டும் தாக்கவில்லை. யூனிட்டி என்பது சிறு குழுக்கள் பெரும்பாலும் நம்பியிருக்கும் விளையாட்டு உருவாக்கக் கருவி. 2023 செப்டம்பர் 12இல் அந்த நிறுவனம், குறிப்பிட்ட வருமானத்தையும் எண்ணிக்கையையும் தாண்டிய விளையாட்டுகளுக்கு, ஒவ்வொரு நிறுவலுக்கும் 20 சென்ட் வரை கட்டணம் என்று அறிவித்தது. ஏற்கெனவே வெளியான விளையாட்டுகளுக்கும் அது பொருந்தும் என்றது. கொதித்தெழுந்த எதிர்ப்பில் சில நாட்களிலேயே விதியைத் தளர்த்தி, ஓராண்டு கழித்து முழுவதும் கைவிட்டது. இடைப்பட்ட ஓராண்டு, மூன்று நான்கு பேர் சேர்ந்து நடத்தும் குழுக்கள் என்ன நிம்மதியோடு வேலை செய்திருக்கும்?

இந்தியாவில் 2025இல் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தின் கவனம் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளின் மேல். விற்ற விளையாட்டை நிறுத்துவது பற்றி அது பேசவில்லை. ஆனால் பிடிமானம் வேறிடத்தில் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(46) பிரிவு, தக்க காரணமின்றி ஒரு தரப்பே ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள இடம் தரும் ஒப்பந்தத்தை நியாயமற்ற ஒப்பந்தம் என்கிறது. அப்படிப்பட்ட ஒப்பந்தத்தின் மேல் மாநில நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். ‘எப்போது வேண்டுமானாலும், எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்துவோம்’ என்ற வாசகம் இந்த விளக்கத்துக்குள் வருகிறது என்பது அமைப்பின் கருத்து. இணையதளங்களின் ஏமாற்று வடிவமைப்புகளுக்கு எதிராக 2023 நவம்பரில் வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டதுபோல, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கும் வெளியிட வேண்டும். விலைக்குப் பக்கத்திலேயே, எந்தத் தேதி வரை சர்வர் கட்டாயம் இயங்கும், அதன் பிறகு என்ன மிஞ்சும் என்று எழுதியிருக்க வேண்டும். நிறுத்துவதற்கு ஆறு மாதம் முன்பு அறிவிப்பு வர வேண்டும். சந்தாவுக்குத் தருவதைச் சந்தா என்றே சொல்லித் தருபவர்களுக்கு இந்த விதி பொருந்தாது.

காப்புரிமைச் சட்டத்திலும் திருத்தம் வேண்டும். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஒரு மென்பொருளோடு இன்னொரு மென்பொருள் இணைந்து இயங்கத் தேவையான தகவலைப் பெறுவதை ஏற்கெனவே அனுமதிக்கிறது. 2012 திருத்தம் பொது நூலகங்கள் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்க இடம் தந்தது. ஆனால் அதற்கு நூலகத்திடம் மின்வடிவம் அல்லாத படி முன்பே இருக்க வேண்டும். மின்வடிவில் மட்டுமே பிறந்த விளையாட்டுக்கு அப்படியொரு படி எங்கிருந்து வரும்? இந்த நிபந்தனையை நீக்கக் கோரியும், நிறுவனம் கைவிட்ட சர்வருக்கு மாற்றாக இன்னொன்றைக் கட்டுவது குற்றமில்லை என்று, டிஜிட்டல் பூட்டுகளை உடைப்பதைத் தடுக்கும் 65ஏ பிரிவில் வெளிப்படையாகச் சேர்க்கக் கோரியும் அமைப்பு ஒன்றிய அரசுக்கு மனு அனுப்புகிறது.

அப்படிக் கட்ட முடியும் என்பதற்கு ‘தி க்ரூ’வே சான்று. நிறுத்தப்படுவதற்கு முன்பே சில ரசிகர்கள் விளையாட்டுக்கும் சர்வருக்கும் இடையே போய்வந்த தகவல்களைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். அதை வைத்து ஓய்வு நேரத்தில் உழைத்து, 2025 செப்டம்பரில் ‘தி க்ரூ அன்லிமிடட்’ என்ற பெயரில் மாற்றுச் சர்வரை வெளியிட்டார்கள். கணினியில் பழைய பிரதியை வைத்திருந்தவர்கள் ஒன்றரை ஆண்டு கழித்து மறுபடியும் அந்த நீண்ட சாலையில் வண்டியை எடுத்தார்கள். பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் வாங்கியவர்களுக்கு அந்த வழி இல்லை.